போர்க்காலப் படங்களின் ஓரத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள்

ஒரு போர்க்காலப் படத்தைக் கையில் எடுத்தால் நாம் முதலில் பார்ப்பது முகங்களை. அடுத்தது ஆயுதங்களை. ஓரத்தில் சாய்த்து நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, அதில் நிற்பவர்கள் எந்தப் படையைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்வி எழும்போது, பல தடவைகளில் பதில் அந்த வண்டியில்தான் இருக்கிறது.

கண்டியில் இருந்து சுதந்திர ஊடகவியலாளராக வேலை செய்யும் எனக்கு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது பழைய படங்களை அனுப்பி, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேட்பார்கள். சில, குடும்ப அல்பங்களில் இருந்து தப்பிய படங்கள். சில, ‘முள்ளிவாய்க்கால்’ என்ற குறிப்போடு சமூக வலைத்தளங்களில் சுற்றும் படங்கள். அவற்றில் சில முள்ளிவாய்க்காலும் அல்ல, இலங்கையும் அல்ல. ஊடகக் கற்கையில் பட்டம் படித்தபோது படம் எடுக்கச் சொல்லித் தந்தார்கள். எடுத்து முடிந்த படத்தை எப்படி விசாரிப்பது என்பதைப் பிறகு நானாகத்தான் தேடிப் படித்தேன். அப்படித் தேடியபோது, இந்த விடயத்தில் மிக நுணுக்கமாக வேலை செய்து வைத்திருப்பவர்கள் இரண்டாம் உலகப் போரின் ஜேர்மன் படங்களை ஆராய்பவர்கள் என்று தெரிந்தது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன். கண்டிக்கும் வன்னிக்கும் பிறகு வருவேன்.

ஜேர்மன் படையில் படம் எடுப்பதற்கென்றே பிரசாரப் பிரிவுகள் இருந்தன. அவர்கள் எடுத்த படங்கள் இன்று ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2008 டிசெம்பரில் அந்தக் காப்பகம் 80,000க்கும் அதிகமான படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுத்தது. போர்க்கால மோட்டார் சைக்கிள் படங்கள் இணையத்தில் இவ்வளவு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொடுத்தபோது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார்கள்: படங்களோடு உள்ள குறிப்புகள் அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை, அவை பிழையாகவோ பக்கச்சார்பாகவோ இருக்கலாம். குறிப்பை எழுதியது பிரசாரப் பிரிவு. ஆகவே குறிப்பை நம்பாமல் படத்துக்குள் இருப்பதைக் கொண்டு முடிவுக்கு வரவேண்டும்.

படத்துக்குள் முதலில் தேடவேண்டியது இலக்கத்தகடு. அக்கால ஜேர்மன் மோட்டார் சைக்கிள்களில் முன்சில்லின் மட்காட்டுக்கு மேலே நீளவாக்கில் தகடு இருக்கும். அதில் டபிள்யூ.எச். என்று தொடங்கினால் தரைப்படை. டபிள்யூ.எல். விமானப்படை. டபிள்யூ.எம். கடற்படை. எஸ்.எஸ். படைக்கு மின்னல் கீற்றுப் போன்ற இரண்டு குறிகள். பொலிஸ் வண்டிகளில் ‘பொல்’ என்ற எழுத்துகள். ஒரு கிராமம் எரியும் படத்தில் நிற்பது இவற்றில் எந்தத் தகடு என்பது சின்ன விடயம் அல்ல. அங்கே யார் நின்றார்கள் என்பதற்கு அது சாட்சி.

வண்டியின் இனம் இரண்டாவது. பக்கப்பெட்டி பூட்டிய பெரிய ஜேர்மன் வண்டி என்றாலே எல்லோரும் பி.எம்.டபிள்யூ. என்று எழுதிவிடுவார்கள். ஆனால் பி.எம்.டபிள்யூ.வின் ஆர் 75 பதினாறாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டபோது, அதற்குப் போட்டியான சுண்டப் நிறுவனத்தின் கே.எஸ். 750 பதினெட்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இரண்டிலும் பக்கப்பெட்டியின் சில்லுக்கும் இயந்திரத்தின் இழுவை போகும். சேற்றில் புதையாமல் போவதற்கு. முன்னால் இருந்து பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். பி.எம்.டபிள்யூ.வில் இரண்டு சிலிண்டர்களும் தரைக்குச் சமாந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கும். சுண்டப்பில் அவை இலேசாக மேல்நோக்கிச் சரிந்திருக்கும். முன் போர்க் பி.எம்.டபிள்யூ.வில் உருண்டைக் குழாய். சுண்டப்பில் தகட்டால் அழுத்திச் செய்தது. ஆர் 75 படைக்கு வந்தது 1941இல். ஆகவே 1939இல் போலந்தில் எடுத்தது என்ற குறிப்போடு வரும் படத்தில் ஆர் 75 நின்றால் அந்தக் குறிப்பு பிழை. வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாவது, லைட்டும் பூச்சும். 1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் வாகனங்களின் முன்விளக்கை மூடி, ஒரு சிறு கீற்று வெளிச்சம் மட்டும் வரவிட்டார்கள். எனவே மூடாத லைட் பெரும்பாலும் போருக்கு முந்திய படத்தைக் காட்டும். வண்டிகளின் நிறம் 1943 பெப்ரவரி வரை கடும் சாம்பல். அதற்குப் பிறகு மங்கிய மஞ்சள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் இது தெரியும்: முன்னையது கிட்டத்தட்டக் கறுப்பாகவும் பின்னையது வெளிறியும் விழும். வட ஆபிரிக்காவில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. பாலைவனத்துக்குப் போன வண்டிகள் முன்பே மணல் நிறத்தில் இருந்தன.

பக்கப்பெட்டி எந்தப் பக்கம் என்பதையும் பார்க்கவேண்டும். ஜேர்மனியில் வாகனங்கள் வீதியின் வலப்பக்கம் ஓடுவதால் பெட்டியும் வலப்பக்கம் பூட்டப்பட்டிருக்கும். பிரித்தானியாவிலும் இலங்கையிலும் இடப்பக்கம். ஜேர்மன் வண்டியில் பெட்டி இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்பது நிச்சயம் என்றே சொல்லலாம். திருப்பி அச்சிட்ட படத்தில் எழுத்துகளும் இடம் வலமாக மாறி விழும் என்பதால், எழுத்து இல்லாத படங்களில்தான் இந்தக் கணக்கு அதிகம் உதவும்.

சுங்கக்காரர்கள்

ஜேர்மன் படங்களில் அதிகம் குழப்பம் தருவது சுங்கச் சேவையின் எல்லைக் காவலர்கள். நிதி அமைச்சின் கீழ் இருந்த இவர்களும் சீருடை அணிந்து, ஆயுதம் தாங்கி, மோட்டார் சைக்கிளில் எல்லையோரம் ரோந்து போனார்கள். ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்த ஒரே இன வண்டி தரைப்படையிடமும் பொலிஸிடமும் சுங்கத்திடமும் இருக்கலாம். சுங்கச் சீருடையின் அடையாள நிறம் பச்சை. பொலிஸின் நிறமும் பச்சை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் சாம்பல். ஆகவே பார்ப்பவர்கள் ‘ஜேர்மன் சிப்பாய்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

சுங்கக்காரன்தானே, வரி வசூலிப்பவன்தானே என்று நினைக்கத் தோன்றும். 1939 நவம்பர் 8 இரவு, மியூனிக் நகரில் ஹிட்லர் பேசிய மண்டபத்தில் குண்டு வைத்துவிட்டுச் சுவிற்சர்லாந்துக்குள் போக முயன்ற ஜோர்ஜ் எல்சர் என்ற தச்சரை கொன்ஸ்டான்ஸ் எல்லையில் மடக்கியவர்கள் சுங்கக் காவலர்கள். அவர் 1945 ஏப்ரலில் டக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். போரின் கடைசிக் கட்டமான 1944இல் இந்த எல்லைக் காவலர்கள் நிதி அமைச்சில் இருந்து எடுக்கப்பட்டு ஹிம்லரின் பாதுகாப்புத் தலைமையகத்தின் கீழ் வைக்கப்பட்டார்கள். சோதனைச்சாவடியில் நிற்பவன் எந்தத் திணைக்களத்தவன் என்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருக்கக்கூடும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஓமந்தையையும் முகமாலையையும் தாண்டியவர்களுக்கு அது தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு உலகப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1939 செப்டெம்பரில் போலந்தின் எல்லைத் தடுப்பு மரத்தைச் சீருடைக்காரர் சிலர் சிரித்தபடி முறிக்கும் படத்தைப் பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ‘ஜேர்மன் படை போலந்துக்குள் நுழைகிறது’ என்று கீழே எழுதியிருப்பார்கள். படத்தில் இருப்பவர்கள் டான்சிக் நகரப் பொலிஸாரும் எல்லைக் காவலரும். கமராவுக்காக நின்று செய்த காட்சி அது. சீருடையை உற்றுப் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு வரிக் குறிப்புப் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1995இல் ஹம்பேர்க் சமூக ஆய்வு நிறுவனம், ஜேர்மன் இராணுவம் கிழக்கு ஐரோப்பாவில் செய்த குற்றங்களைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சியைத் தொடங்கியது. எஸ்.எஸ். படைதான் குற்றம் செய்தது, சாதாரண இராணுவம் கைசுத்தம் என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரு நாட்டில் அது பெரும் அதிர்ச்சி. ஊர் ஊராகப் போன கண்காட்சியை இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். எதிர்த்து ஊர்வலமும் போனார்கள். 1999இல் இரண்டு வரலாற்றாசிரியர்கள் சில படங்கள் பிழை என்று நிறுவினார்கள். சிலவற்றில் இருந்த உடல்கள் சோவியத் இரகசியப் பொலிஸ் கொன்றவர்களுடையவை. சிலவற்றில் நின்றவர்கள் ஜேர்மன் சிப்பாய்களே அல்லர். கண்காட்சி நிறுத்தப்பட்டது. நிபுணர் குழு ஒன்று ஓராண்டு ஆராய்ந்து 2000 நவம்பரில் அறிக்கை தந்தது. 1,433 படங்களில் அங்கே இருக்கக்கூடாதவை இருபதுக்கும் குறைவு; கண்காட்சி சொன்ன அடிப்படை உண்மை சரி. திருத்திய கண்காட்சி 2001 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும், இருபது படங்களைக் காட்டி ஆயிரத்து நானூறு படங்களையும் பொய் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

சிரியாவில் எடுத்த படத்தை நம் படம் என்று பகிரும் ஒவ்வொரு தடவையும் நாமும் அதே வாய்ப்பைத்தான் கொடுக்கிறோம். அப்படிப் பகிர்பவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். விளைவு ஒன்றுதான்.

கண்டிக்கு வந்த வண்டிகள்

அந்த உலகப் போரில் கண்டிக்கும் ஓர் இடம் உண்டு. பர்மாவில் யப்பானுக்கு எதிராகப் போரிட்ட நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில் டெல்லியில் இருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் தலைமையகம். கண்டி நகரில் இன்று ஜனாதிபதி மாளிகையாக உள்ள கட்டடத்தில் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு. அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். உளவு நிறுவனத்தின் ஒரு பிரிவும் இங்கே இயங்கியது. 1945 நவம்பரில் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போகும் வரை, பேராதனை வீதியில் படை வாகனங்கள் ஓயாமல் ஓடின. கம்பியில்லாத் தந்தியில் அனுப்ப முடியாத கடிதங்களையும் வரைபடங்களையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதற்கென்றே பிரித்தானியப் படையில் தனி ஆட்கள் இருந்தார்கள். கண்டிப் போர் மயானத்தில் பிரித்தானியர், இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர் என்று பல நாட்டவர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறைகளைப் பார்த்தால் எத்தனை தேசத்தவர் இந்த மலைக்கு வந்து போனார்கள் என்பது விளங்கும்.

அக்கால இலங்கைப் படம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பார்க்கவேண்டிய அடையாளங்கள் ஜேர்மன் படத்தில் இருந்து வேறுபடும். பிரித்தானியப் படைகளிடம் அதிகம் இருந்தவை பி.எஸ்.ஏ. எம் 20, நோர்ட்டன் 16 எச், மச்லெஸ் ஜீ3 எல் ஆகியவை. எல்லாம் ஒற்றைச் சிலிண்டர், நிமிர்ந்து நிற்கும் இயந்திரம். பெற்றோல் டாங்கியின் பக்கத்தில் வெள்ளையில் எழுதிய இலக்கம் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது தரைப்படையின் மோட்டார் சைக்கிள். விமானப்படை வண்டியில் ஆர்.ஏ.எப். என்று இருக்கும். நெருப்பில் இருந்து எழும் பீனிக்ஸ் பறவையின் சின்னம் தெரிந்தால் அது தென்கிழக்காசியத் தலைமையகத்தைச் சேர்ந்தது. அந்தச் சின்னம் உள்ள படம் 1943இன் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. லண்டன் ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகத்தில் இந்தப் போர்முனையின் இராணுவப் படங்கள் எஸ்.ஈ. என்ற எழுத்துகளோடு தொடங்கும் இலக்கங்களில் அடுக்கப்பட்டுள்ளன. வீட்டில் இருந்தபடியே தேடலாம்.

இலங்கையில் இருந்த ஜேர்மனியர்களுக்கு அப்போது மோட்டார் சைக்கிள் எங்கே? அவர்கள் தியத்தலாவை முகாமில் வேலிக்குள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் கண்டி உடவத்தகலைக் காட்டில் வாழ்ந்து, 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஞானபொனிக தேரர். பிறப்பால் யூதர். நாசிகளிடம் இருந்து தப்பியவர். கையில் இருந்தது ஜேர்மன் கடவுச்சீட்டு என்பதால் எதிரி நாட்டவர் என்று அடைக்கப்பட்டு, பிறகு இந்தியாவின் டேராடூன் முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார். அடையாள அட்டையை வைத்து ஆளை முடிவு செய்வது இந்தத் தீவில் புதிய பழக்கம் அல்ல.

ஜேர்மன் மோட்டார் சைக்கிள் நம்மிடம் வந்தது வேறு வழியாக. டி.கே.டபிள்யூ. என்ற ஜேர்மன் நிறுவனம் போருக்கு முன்பு சிறிய இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்தது. அவற்றை நெதர்லாந்தில் விற்ற ரொட்டர்டாம் நிறுவனத்தின் இயக்குநர்களில் யூதர்கள் இருந்ததால் நாசி ஆட்சியில் அந்த உரிமை பறிக்கப்பட்டது. அவர்கள் இங்கிலாந்தின் றோயல் என்பீல்டிடம் போய், இதே மாதிரி ஒரு வண்டி செய்து தாருங்கள் என்றார்கள். அப்படிப் பிறந்த 125 சிசி வண்டியைத்தான் பிரித்தானியா பிறகு பரசூட்டில் இறக்கி ஜேர்மனிக்கு எதிராகவே ஓடவிட்டது. அதே என்பீல்ட் 1955இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் புல்லட்டாகத் தமிழ்நாட்டு வீதிகளில் நிலைத்தது தனிக் கதை. போர் முடிந்ததும் டி.கே.டபிள்யூ.வின் ஆர்.டி. 125 வரைபடங்கள் வென்றவர்களின் கைக்குப் போயின. பி.எஸ்.ஏ. நிறுவனம் அதை இடம் வலமாகத் திருப்பி 1948இல் பாண்டம் என்று வெளியிட்டது. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளும் (1955) அதே வண்டியின் வழிவந்ததுதான். ஐம்பதுகளின் குடும்பப் படத்தில் தாத்தா பாண்டமில் சாய்ந்து நின்றால், அவர் சாய்ந்து நிற்பது ஒரு ஜேர்மன் வண்டியின் கண்ணாடிப் பிம்பத்தில்.

தகட்டில் வந்த ஸ்ரீ

ஜேர்மன் படங்களில் இலக்கத்தகடு படையைச் சொல்லும் என்றேன். நம் நாட்டில் இலக்கத்தகடே ஒரு போராட்டம். 1957 ஜனவரியில் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமானது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழில் ‘ஸ்ரீ’ எழுதி ஓட்டினார்கள். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் பெரிதாகி மலையகத்துக்கும் பரவியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9இல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம்.

படத்தை வாசிப்பவருக்கு இதன் பயன் நேரடியானது. தகட்டில் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் அந்த வண்டி 1957க்கு முன் பதியப்பட்டது. நடுவில் சிங்கள ஸ்ரீ இருந்தால் அதற்குப் பின். தமிழ் ஸ்ரீ எழுதிய தகடு உங்கள் வீட்டுப் படத்தில் இருந்தால் அது அரிய ஆவணம். தயவுசெய்து நல்ல பிரதி எடுத்து வையுங்கள். ஸ்ரீக்குப் பிறகு எண்கள் மட்டுமே உள்ள தகடுகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் இருந்து ஆங்கில எழுத்துகளும் மாகாணக் குறியும் வந்தன: வடக்குக்கு என்.பி., கிழக்குக்கு ஈ.பி., மத்திய மாகாணத்துக்கு சி.பி. மாகாணக் குறி உள்ள தகடு தெரியும் படம் 2000க்கு முந்தியதாக இருக்காது. ஆனால் ஒன்று: தகடு வண்டி பதிந்த இடத்தையும் காலத்தையும்தான் சொல்லும். படம் எடுத்த இடத்தைச் சொல்லாது. கண்டியில் பதிந்த வண்டி கிளிநொச்சியில் ஓடியிருக்கலாம்.

போர்க்கால வடக்கின் வண்டி என்றால் எம்.டி. 90. இது யப்பானின் தபால் சேவைக்கென்று ஹொண்டா செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள். தபால்காரர் ஓடித் தேய்ந்த பிறகு பழைய வண்டியாக இங்கே இறக்குமதியானது. ஜேர்மன் படங்களில் சுங்கச் சேவை வண்டியைத் தேடுபவர்களைப் போல, நாமும் ஒரு நாட்டின் அரச சேவை வண்டியைத்தான் நம் படங்களில் தேடுகிறோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஆசிரியர், வைத்தியர், கடைக்காரர், போராளி எல்லோரும் அதில்தான் போனார்கள். ஆகவே எம்.டி. 90இல் இருப்பவர் இன்னார் என்று வண்டியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதன் கிக்கர் வலப்பக்கம், புகைக்குழாயும் வலப்பக்கம். அவை இடப்பக்கம் தெரியும் படம் திருப்பி அச்சிட்டது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ராட் செய்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தத் துளிகளுக்காக ஒரு சிறு போத்தலை வண்டியோடு வைத்திருப்பார்கள். சிரிப்பாகச் சொல்வார்கள் இப்போது. அந்தப் புகை மணத்தில் வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது.

சென்ற ஆண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்காக வடக்கில் இருந்து வந்த ஒரு தாய், தெரிந்தவர் மூலமாக என்னைச் சந்தித்தார். கையில் ஒரேயொரு படம். வெளிநாட்டில் இருந்த உறவினர் அனுப்பிவைத்தது. அவர்களுடைய சொந்த அல்பம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் போய்விட்டது. மகன் எம்.டி. 90இல் இருக்கிறார். 1996இல் காணாமல் ஆக்கப்பட்டவர். “முகத்தை மட்டும் வெட்டிப் பெருசாக்கித் தாறன் எண்டு ஸ்ரூடியோவில சொன்னவை தம்பி. எப்ப எடுத்தது எண்டும் தெரியேல்லை” என்றார். வெட்ட வேண்டாம் அம்மா என்றேன். கைபிடியில் ஒரு சிறு போத்தல் கட்டியிருந்தது. அதைக் காட்டியதும் அவரே சொன்னார்: “ஓம், மண்ணெண்ணெய்க் காலம். மீசை அரும்பியிருக்கு. அப்ப தொண்ணூற்றி நாலு.” போத்தல் ஐந்தாறு ஆண்டுக்குள் கொண்டுவந்து விட்டது, மிச்சத்தை மீசை சொன்னது. முறைப்பாட்டில் ‘கடைசியாக எடுத்த படம்’ என்று எழுதும் இடத்தில் இப்போது ஓர் ஆண்டு இருக்கிறது.

2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தது. இந்திய வண்டிகள் வடக்குக்கு வந்து குவிந்தன. அவற்றின் மாதிரிகள் நல்ல திகதி முத்திரை. பஜாஜ் பல்சர் 2001இல்தான் வெளியானது; பல்சர் நிற்கும் படம் அதற்கு முந்தியதல்ல. ஹீரோ ஹொண்டா என்ற பெயர் 2011இல் ஹீரோ என்று மாறியது. 2009 மே மாதத்துப் படம் என்று வருவதில் வண்டியின் டாங்கியில் ‘ஹீரோ’ மட்டும் எழுதியிருந்தால் அந்தத் திகதி பிழை.

2006, 2007இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு வேறொரு மோட்டார் சைக்கிள் நினைவில் இருக்கும்: இராணுவத்தின் ‘பீல்ட் பைக்’ குழுக்கள். கொழும்பில் 2009 ஜனவரி 8இல் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றவர்கள் வந்ததும் மோட்டார் சைக்கிள்களில்தான். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குப் பின்னால் வரும் பைக் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். அதை இங்கே விரிக்கவில்லை.

முள்ளிவாய்க்கால் படங்களில் வண்டிகள் மலை போலக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உழவு இயந்திரம், பஸ், சைக்கிள், எண்ணிலடங்காத மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கடைசியாக இறங்கி நடந்த இடம். துருப்பிடித்தாலும் இயந்திரத்திலும் செசியிலும் வெட்டிய இலக்கங்கள் எளிதில் அழிவதில்லை. இலக்கத்தகடு தெளிவாக விழுந்த ஒரு படம் இருந்தால், அந்த வண்டி யாருடையது என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் தேடக்கூடிய ஒரு நூல்முனை கிடைக்கிறது.

இப்படியான விபரங்கள் எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2009 ஓகஸ்ட்டில் சனல் 4 வெளியிட்ட கொலைக்காட்சி போலி என்று அரசு சொன்னது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார்: ஒருவர் தடயவியல் நோயியல், ஒருவர் வீடியோ, ஒருவர் துப்பாக்கி. துப்பாக்கி அதிர்வது எப்படி, உடல் அசைவது எப்படி என்று துண்டு துண்டாகப் பார்த்தார்கள். அது உண்மையானது என்று கருதுவதற்கு வலுவான ஆதாரம் உண்டு என 2010 ஜனவரியில் அல்ஸ்டன் அறிவித்தார். சின்னச் சின்ன விபரங்கள்தான் அங்கே பேசின.

ஆகவே உங்கள் வீட்டில் உள்ள படங்களுக்கு வருவோம். ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்; ஸ்ரூடியோ முத்திரையும் யாரோ பேனையால் எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு குறைந்து, எடுத்த நேரம் போன்ற உள் விபரங்கள் அழிந்துவிடும். ‘டொக்கியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அவை தங்கும். கண்டி போன்ற ஈரமான ஊர்களில் அல்பத்தின் பிளாஸ்ரிக் தாளுக்குள் படம் ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒட்டியதை இழுத்துப் பிரிக்காமல், தாளோடு சேர்த்தே முதலில் ஸ்கான் செய்யுங்கள்.

யாரிடமாவது விளக்கம் கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்த குறிப்பையும் அவர் படத்தில் காண்பதையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். மாமா சொன்னது ஒரு பக்கம், தகடு சொல்வது மறுபக்கம். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

பொதுவெளியில் போடுவதற்கு முன் இலக்கத்தகட்டை ஒரு தடவை பாருங்கள். அந்த வண்டி பதிந்திருந்தவர் இன்னும் அதே ஊரில், அதே சோதனைகளுக்கு நடுவில் இருக்கலாம். பகிரும் பிரதியில் இலக்கத்தை மறைத்துவிடுங்கள். மூலப்படத்தில் கை வைக்க வேண்டாம்.